வியாழனில் ஒரு புள்ளி

நவம்பர் 4

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் மகள் எங்கள் வீட்டு மருமகளாக வந்த நாளிலிருந்து நம் கடிதங்களில் பாதி நலம் விசாரிப்பு, பாதி கிரகங்கள். இன்று நேராகக் கிரகத்துக்கே போய்விடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வியாழனில் ஒரு கரும்புள்ளி! கிளினிக்கைப் பூட்டிவிட்டு மாடிக்குப் போனால் தேடவே வேண்டாம், டெலஸ்கோப் ஐபீஸில் கண்ணை வைத்ததும் நட்டநடுவில் வந்து நிற்கிறது. அந்த இடத்தில் கிரகத்தின் பழுப்புப் பட்டையும் கொஞ்சம் வளைந்து போகிறது. மூன்று மாலைகளில் வரைந்த படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். ஏதோ வால்நட்சத்திரம் மோதியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. நம் வானியல் சங்கத்துக்கு எழுதப் போகிறேன். ஸ்டுடியோ வைத்திருப்பவர் நீங்கள், உங்கள் கேமராவில் மாட்டாமலா இருந்திருக்கும்? போட்டோ அனுப்பினால் இருவர் பெயரும் போகும். என் பெயர்தான் முதலில், சொல்லிவிட்டேன்.

உங்கள்
பல் டாக்டர் சம்பந்தி


நவம்பர் 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். "உங்கள் கைக்கு ஈடு இல்லை" என்று வழக்கம்போல எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளத்தான் ஆசை. பெண்ணைக் கொடுத்தவன் நான், மாப்பிள்ளையின் அப்பாவிடம் "இல்லை" என்று சொல்லிப் பழக்கமில்லை. "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க"ன்னு என் மனைவி வேறு சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

அதே மூன்று மாலைகளிலும் நான் படம் எடுத்தேன். புள்ளி இல்லை. பட்டையும் நேராக இருக்கிறது. இன்னொன்று, வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. நீங்கள் ஒவ்வொரு மாலையும் ஆரம்பத்தில் ஒன்றும் ஒரு மணி நேரம் கழித்து ஒன்றுமாக வரைந்திருக்கிறீர்கள். கிரகத்தின் மேல் இருக்கிற புள்ளி அதற்குள் நகர்ந்திருக்க வேண்டும். உங்கள் புள்ளி நகரவே இல்லை.

தயவுசெய்து ஐபீஸைத் திருகிப் பாருங்கள். கூடவே புள்ளியும் சுற்றினால் அது தூசி. சுற்றாவிட்டால், ஒரே ஒரு தடவை இடது கண்ணால் பாருங்கள்.

பணிவுடன்
உங்கள் சம்பந்தி


நவம்பர் 14

சம்பந்திக்கு,

ஐபீஸைத் திருகினேன். புள்ளி அசையவில்லை. ஆகவே தூசி இல்லை, முடிந்தது பேச்சு.

இடது கண்ணால் பார்ப்பதாக இல்லை. டெலஸ்கோப் வாங்கிய நாள்முதல் எனக்கு வலது கண்தான். அதே கண்ணை வைத்துக்கொண்டுதான் நேற்றும் ஒருவருக்கு உள்ளே ஒடிந்துபோன பல் வேரைத் துழாவி எடுத்தேன். எனக்கு வயசாகிவிட்டது என்று சொல்ல வருகிறீர்கள். அதைச் சுற்றி வளைக்காமலே சொல்லியிருக்கலாம்.

சங்கத்துக்கு எழுதிவிட்டேன், என் பெயரில் மட்டும். மருமகளுக்கு எங்கள் வீட்டில் ஒரு குறையும் வராது, அந்தக் கவலை வேண்டாம். இனி நமக்குள் பிள்ளைகள் விஷயம் மட்டும் போதும்.

இப்படிக்கு
பல் டாக்டர்


நவம்பர் 18

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வேண்டாம் என்றீர்கள், ஆனாலும் எழுதுகிறேன். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை.

உங்கள் படங்களை என் ஸ்டுடியோவுக்கு எதிரில் இருக்கும் கண் டாக்டரம்மாவிடம் காட்டினேன். வியாழனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இதை வரைஞ்சவருக்கு நேர்கோடெல்லாம் வளைஞ்சு தெரியுதா? விழித்திரைக்கு நடுவுல கசிவு இருக்கும் போலிருக்கே. உடனே காட்டச் சொல்லுங்க, தள்ளிப்போட்டா பார்வை போயிடும்" என்றார்.

என் மகளிடம் சொல்லிவிட்டேன். உங்களை மீறிச் சொன்னது தப்புதான். அதற்காக நீங்கள் என் முகத்திலேயே விழிக்காமல் போனாலும் சரி. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். கம்பி வளைந்து தெரிந்தால் அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் சம்பந்தி


டிசம்பர் 20

அன்புள்ள சம்பந்திக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். "சொல்லுங்க மாமா, நான் எழுதறேன்" என்றாள் மருமகள். இதை நானேதான் எழுத வேண்டும்.

உங்கள் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். உங்கள் மூக்கை உடைத்துப் பதில் எழுதலாம் என்றுதான் பார்த்தேன். கம்பி வளைந்திருந்தது. அன்று மாலை மாடியில் இடது கண்ணை வைத்தேன். வியாழன் பளிச்சென்று இருந்தது, புள்ளியும் இல்லை, வளைவும் இல்லை. பயம், சம்பந்தி. வேறென்ன சொல்ல? ஏற்கெனவே கண் டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருந்த உங்கள் மகள் மேலே வந்து, "கிளம்பலாமா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். பல்வலியை முற்றவிட்டு வருகிறவர்களை நான் திட்டாத திட்டில்லை. அங்கே நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கசிவு நின்றிருக்கிறது. நடுவில் போன பார்வை இனி வராதாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அந்தக் கண்ணால் எழுத்தே படிக்க முடியாமல் போயிருக்கும் என்றார் டாக்டர். இடது கண்ணுக்கு ஒன்றுமில்லை.

சங்கத்துக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். புள்ளி வியாழனில் இல்லை, என் வலது கண்ணில் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தவர் என் சம்பந்தி என்று எழுதியிருக்கிறேன். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நேற்று இடது கண்ணால் வரைந்த வியாழனை இத்துடன் அனுப்புகிறேன். குழந்தை கிறுக்கியது போல இருக்கிறது. உங்கள் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தப்பை எல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்துத் திருப்பி அனுப்புங்கள். பெண்ணைக் கொடுத்தவன் என்று தயங்கி ஒரு தப்பை விட்டுவைத்தீர்களோ, எனக்குக் கெட்ட கோபம் வரும்.

என்றும் உங்கள்
சம்பந்தி