ஏற்றத்தில் இழுக்காத வண்டி

அன்பு மகள் சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், லாண்டரியும் நன்றாக ஓடுகிறது, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் பேசும்போது வண்டியை விற்றாச்சா என்று கேட்டாய், நான் அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே குறுக்கே பேசுவாய், கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வண்டியை விற்கவில்லை, விற்கப்போவதும் இல்லை. நம் பழைய பிக்கப் இப்போது ஏற்றத்தில் எப்படி இழுக்கிறது என்று நீ வந்து பார்க்க வேண்டும். என் மணிக்கட்டும் நன்றாகக் கூடிவிட்டது, ஈரப் போர்வையைப் பிழிகிற அளவுக்கு வலு வந்துவிட்டது, அதை நினைத்துக் கவலைப்படாதே.

மழைக்காலத்தில் ஆஸ்பத்திரி மேட்டிலிருந்து இறங்கும்போது வண்டி சறுக்கிச் சுவரில் மோதி என் கை உடைந்ததே, அதற்குப் பிறகு நான் மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது ஒரு வாடகை டிரைவர்தான் நம் வண்டியில் ஆஸ்பத்திரித் துணி மூட்டைகளை ஏற்றிப் போய் வந்தார். கட்டுப் பிரித்து நான் திரும்ப ஸ்டியரிங்கைப் பிடித்த அன்றைக்கே தெரிந்துவிட்டது, இது நான் விட்டுவிட்டுப் போன வண்டி இல்லை. சமதரையில் ஒழுங்காக ஓடுகிறது, மேட்டைக் கண்டால் மூச்சு வாங்குகிறது. முழு லோடு படுக்கை விரிப்புகளோடு மேலே ஏறினால் முதல் கியரில் முக்கி முனகிக்கொண்டு போகிறது, நடந்து வேலைக்குப் போகிற நர்ஸ் பெண்கள் என்னை முந்திப் போய் மேலே நின்று கையசைக்கிறார்கள். அவர்களுக்கு அது சிரிப்பு, எனக்கு மணி ஓடுகிற கவலை. டாக்டர்கள் வார்டைச் சுற்ற வருவதற்குள் எல்லாக் கட்டிலிலும் விரிப்பு மாற்றியிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நான் தாமதமாகப் போய் நின்றபோது துணி எண்ணி வாங்குகிற ஸ்டோர் மேடம் கோபமாகக்கூடப் பேசவில்லை, "இன்னொரு தடவை லேட்டானா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா, புது வேன் வச்சிருக்கவங்க வாசல்லயே நிக்கிறாங்க" என்று மெதுவாகச் சொன்னார். ஆஸ்பத்திரித் துணி போய்விட்டால் லாண்டரியில் பாதி போச்சு. பெரிய மிஷினில் நிற்கிற அக்காவுக்கு வேலை இருக்காது, மடித்துக் கட்டுகிற பெண்ணுக்கு வேலை இருக்காது, நானும் உங்கள் ஆசைப்படி வீட்டில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். புது வண்டி வாங்குகிற நிலையில் நாம் இல்லை என்பது உனக்குத் தெரியும், ஆகவே இருக்கிற வண்டியை இழுக்கவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதலில் அந்த வாடகை டிரைவரைத்தான் திட்டித் தீர்த்தேன். கிளட்சைத் தேய்த்துவிட்டான், இன்ஜினைக் கெடுத்துவிட்டான் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன், உன் அப்பா இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "வண்டிக்கு வயசாயிடுச்சு, தள்ளிவிட்டுட்டு நிம்மதியா இரேன்" என்று மட்டும் சொன்னார். வண்டி என்னைவிடச் சின்னது, அப்படியானால் என்னையும் தள்ளிவிடுங்களேன் என்றேன். சரி, இதன் வியாதி என்ன என்று பார்த்தே தீருவது என்று மெக்கானிக் தம்பியின் ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே ஒரு தலையணை தைக்கிற அளவுக்குப் பஞ்சு. லாண்டரி வாசலில் டிரையர் குழாய்க்கு நேரே வண்டியை நிறுத்தி நிறுத்தி, அது ஊதித் தள்ளுகிற துணித் தூசியையெல்லாம் வண்டி மூக்கால் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது, லாண்டரிக்காரி வண்டிக்குத்தான் இப்படி ஒரு நோய் வரும். புது ஃபில்டர் போட்டு நிறுத்துகிற இடத்தையும் மாற்றினேன், கரும்புகை நின்றது. அடுத்து டீசல் டேங்கைக் காலி செய்தோம், அடியில் தண்ணீரும் சகதியுமாக இருந்தது, அதைக் கழுவி டீசல் ஃபில்டரையும் மாற்றி, டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களைக் கழற்றிச் சுத்தம் செய்து போட்டதும் இன்ஜின் உதறல் போச்சு. பின் சக்கரம் ஒன்றைத் தொட்டால் கை சுட்டது, பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, அதையும் சரிசெய்தோம். டயர்களுக்குச் சரியாகக் காற்றடித்தோம். வண்டியின் பின்பக்கத்தில் ஒரு பழைய இரும்பு அலமாரியும் செத்துப்போன மிஷின் மோட்டாரும் வருஷக்கணக்காகச் சும்மா சவாரி செய்துகொண்டிருந்தன, இரண்டையும் இறக்கிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது, டீசலும் முன்னைப்போல் குடிப்பதில்லை. நீ என்றைக்காவது பழைய வண்டி வாங்கினால் இதே மாதிரி காற்று, டீசல், பிரேக், சுமை என்று ஒவ்வொன்றாகப் பார், எடுத்த எடுப்பிலேயே இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறவனிடம் போகாதே.

இவ்வளவும் செய்தும் ஆஸ்பத்திரி மேட்டின் கடைசி வளைவில் மட்டும் யாரோ வாலைப் பிடித்து இழுப்பதுபோல் வண்டி சோர்ந்துவிடும். மெக்கானிக் தம்பி தலையைச் சொறிவான், "அவ்வளவுதாங்கா, இதுக்கு மேல இழுக்காது" என்பான், என் முகத்தைப் பார்க்க மாட்டான். கூலி வாங்கவும் மறுத்துவிட்டான், காரணமே இல்லாமல் கூலி வேண்டாம் என்கிற மெக்கானிக்கை நீ பார்த்திருக்கிறாயா, எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஒரு நாள் மதியம் வேலை ஓய்ந்திருந்தபோது லாண்டரி வாசலிலேயே பானெட்டைத் திறந்து வைத்தேன். மிஷின் அக்காவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, கியரில் போடாமல், ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதிக்கச் சொன்னேன். அவளுக்கு வண்டி என்றாலே நடுக்கம், "இது ஓடிடாதே, ஓடிடாதே" என்று கேட்டுக்கொண்டே மிதித்தாள். இன்ஜின் பக்கத்தில் டீசல் பம்பில் ஒரு சின்னக் கை இருக்கிறது, பெடலிலிருந்து வருகிற கேபிள் அதைத்தான் இழுக்கிறது, அந்தக் கை எவ்வளவு தூரம் திரும்புகிறதோ அவ்வளவு டீசல் உள்ளே போகும். அவள் முழுப் பலத்தோடு மிதித்தும் அது பாதியைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. நான் விரலால் தள்ளிப் பார்த்தேன், மீதித் தூரமும் சுலபமாகப் போயிற்று, இன்ஜின் போட்ட சத்தத்தில் அவள் கதவைத் திறந்துகொண்டு குதித்தே விட்டாள். அப்படியானால் குறை இன்ஜினில் இல்லை, பெடலில் இருக்கிறது. பெடலுக்குக் கீழே கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கினேன். துருவேறிய தரையில் பளபளவென்று ஒரே ஒரு புது போல்ட், பெடலை அடிவரை இறங்கவிடாமல் முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தது. அந்த இடத்தில் குட்டையாக ஒன்று இருக்க வேண்டியதுதான், இதுவோ என் நடுவிரல் நீளம். தானாக முளைக்கிற சாமான் இல்லை அது.

அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய், மெக்கானிக் தம்பியின் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். திருதிருவென்று விழித்தான். "அக்கா, சத்தியமா நான் மாட்டேன்னுதான் சொன்னேன், சார்தான் விடலை, பாப்பா வேற போன்ல அழுதுச்சு, நான் என்னதான் பண்ணட்டும்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பாப்பா என்றால் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இத்தனை வயதாகியும் நீ அவனுக்குப் பாப்பாதான். நான் கட்டோடு படுத்திருந்தபோது நீயும் அப்பாவும் போனில் குசுகுசுவென்று பேசியது இதைத்தானா. வண்டியைக் கொஞ்சம் முடக்கிவிட்டால் வேகமும் போகாது, நானே அலுத்துப்போய் விற்றும்விடுவேன் என்று இரண்டு பேரும் கூடிப் போட்ட திட்டம். நான் கையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வருகிற நாளிலெல்லாம் உன் அப்பா கேட்காமலே வெந்நீர் போட்டு வைத்தார், எனக்கென்னவோ பாசம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோபம் வந்தது, மறைக்கப் போவதில்லை. யாருக்குக் காது குத்துகிறீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அன்னைக்கு எல்லாரும் உன் கையைப் பார்த்தாங்க, நான் அந்தச் சுவரைப் பார்த்துட்டு வந்தேன், அதுக்கு அந்தப் பக்கம் என்ன பள்ளம் தெரியுமா, உன்கிட்ட சொன்னா நீ சிரிச்சுட்டுப் போயிடுவ" என்றார். எனக்கு மேற்கொண்டு சண்டை போட வரவில்லை. ஆனால் சின்னு, யோசித்துப் பார், வண்டி சறுக்கியது இறக்கத்தில். இறக்கத்தில் நான் ஆக்ஸிலரேட்டரில் காலே வைக்கவில்லை. நீங்கள் கூடிப் பேசி, அழுது, ஆளைப் பிடித்து முடுக்கிய போல்ட் ஏற்றத்தில் மட்டும்தான் என்னைத் தடுத்தது, இறங்கும்போது அது ஒரு பைசா பிரயோசனம் இல்லை. சறுக்கியதற்குக் காரணம் தேய்ந்து மொட்டையான பின் டயர்களும் ஒரு பக்கமாகப் பிடித்த அந்த பிரேக்கும்தான், இரண்டு பேரில் ஒருவராவது அதைக் குனிந்து பார்த்தீர்களா. பின் டயர் இரண்டையும் மாற்றிவிட்டேன், நான்கு சக்கரத்து பிரேக்கையும் சமமாக வைக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினேன், மெக்கானிக் தம்பி அந்தக் குட்டை போல்ட்டைத் தேடி எடுத்து அதன் இடத்தில் மாட்டிக்கொடுத்தான். வாடகை டிரைவரையும் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன், பாவம், எதற்கு என்றே அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் முழு லோடு ஏற்றிக்கொண்டு அப்பாவைப் பக்கத்து சீட்டில் ஏறச் சொன்னேன். இஸ்திரி கிடக்கிறது, முழங்கால் வலிக்கிறது என்று சாக்குச் சொன்னார், நான் விடவில்லை. மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறினேன், கடைசி வளைவில் மட்டும் இரண்டாவதுக்கு இறக்கி அடிவரை மிதித்தேன், நம் வண்டி வளைவைத் தாண்டி மேலே போய்த்தான் மூச்சு விட்டது. நர்ஸ் பெண்களை நான்தான் இந்தத் தடவை பார்த்துக் கையசைத்தேன். ஸ்டோர் மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், "என்னம்மா, வண்டி மாத்திட்டியா" என்றார். அதே வண்டிதான் மேடம் என்றேன், "அப்போ அந்த வேன்காரங்களை இனிமே நிக்க வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். எனக்கு அவ்வளவு நிம்மதி.

திரும்பி இறங்கும்போது தூறல் பிடித்துக்கொண்டது. அப்பா கைப்பிடியை இறுக்கிக்கொண்டு வெளியே பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும், என் பக்கம் திரும்பாமலே, "எனக்குப் பயமா இருக்கு, கொஞ்சம் மெதுவாப் போயேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான் சிரிக்கவில்லை. கியரை இறக்கி, கீழே வந்து சேரும்வரை நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினேன், பின்னால் ஹாரன் அடித்தவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவுதான் சின்னு, கேட்டார், குறைத்தேன்.

ஈரத் தலையோடு வெளியே போகாதே, ராத்திரிச் சாப்பாட்டை டீயோடு முடித்துக்கொள்ளாதே. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல், சிரித்த முகத்தோடு நீ நீண்ட காலம் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், முதலில் அப்பாவிடம் இல்லை, என்னிடம் பேசு. என்னை நினைத்து உனக்குப் பயமாக இருந்தால் என்னிடமே அழு, மெக்கானிக்கிடம் அழாதே.

இப்படிக்கு,
வண்டியும் தானுமாக நலமாக இருக்கும்
உன் அம்மா