வலது கன்னம்

சின்னவளே,

கிழித்துப் போடுவதற்கு முன் படித்துவிடு. இந்த வயதில் நான் ஃபேஷன் ஷோ மேடைக்குப் பின்னால் ஒரு மேக்கப்காரருக்கு உதவியாளராக நிற்கிறேன். பிரஷ் கழுவுகிறேன். என் அழகுப்பொருள் கடைக்கு ஆதாயம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்றுதான் முதன்முதலாக ஒரு பெண்ணின் முகத்தை என்னிடம் விட்டார்கள். வலது கன்னத்துக்கு வந்ததும் கை அங்கேயே நின்றுவிட்டது. பூசினேன், ஒற்றினேன், மறுபடியும் பூசினேன்.

"அக்கா, அங்க ஒண்ணுமே இல்லையே! எதை மறைக்கிறீங்க? சுவத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி அடிக்கிறீங்க" என்று சிரித்தாள்.

அடுத்தவளுக்கும் அதே கன்னத்துக்குத்தான் கை போயிற்று. என் கடை க்ரீம் உன் முகத்தைச் சுட்ட அதே இடம், நான் பூசியதும் அதே அளவு.

எதையும் தன் மணிக்கட்டில் தடவிப் பார்க்காமல் பிறர் முகத்தில் வைக்கக் கூடாது என்பது இங்கே முதல் நாள் பாடம். "நல்ல சரக்குடி, தைரியமா பூசு" என்று உன்னிடம் சொன்ன அன்று நான் ஒரு பொட்டுகூடத் தடவிப் பார்க்கவில்லை.

உன் தழும்பை மறைத்துக் கொடுக்கத்தான் இந்த வேலையைக் கற்க வந்தேன். நேற்றோடு அந்த எண்ணம் போயிற்று.

ஞாயிறன்று மேக்கப் பெட்டி எதுவும் இல்லாமல் வருகிறேன். போன முறை பாதிக் கதவைத் திறந்து இடது கன்னத்தை மட்டும் காட்டினாய். இந்த முறை முழுக் கதவையும் திற.

உன் மூத்தவள்