நின்று சுடும் நிலை

ஒக்டோபர் 7, செவ்வாய்
விடியவே மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை.
களுபோவில ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்றாம் நாள். ஐந்தாம் மாதத்தில் பிள்ளை போய்விட்டது.
பால் கட்டிக்கொண்டது. இப்படி வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நேர்ஸுக்குப் போன் எடுத்தேன். முட்டைக்கோவா இலையை மார்பில் வைத்துக் கட்டச் சொன்னா. ரமணன் வெள்ளவத்தை மார்க்கெட்டுக்கு ஓடிப்போய் வாங்கி வந்தார்.
குசினிக்குள் இருந்து மாமி, அவரின் அம்மா: "கோவா வறையோ, பாற்கறியோ?"
கோவாவை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

ஒக்டோபர் 11, சனி
முந்தி என்றால், சுடும் விளையாட்டுக்குப் பழக றேஞ்சுக்குப் போகும் நாள். போகவில்லை. டொக்டர் ஓய்வு என்றா. போன கிழமை அவவிடம் கேட்டேன், துவக்குச் சுட்டதாலேயோ பிள்ளை போனது என்று.
"இல்லையம்மா. நீர் ஒண்டும் செய்யேல்லை. சிலவேளை இப்பிடி நடக்கும்."
பிள்ளை என்று தெரிந்த கிழமையே சுடுவதை நிற்பாட்டினேன். மாமி அதற்கு முந்திய நாட்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறா. பின்னேரம் மகனிடம்: "வெடிச்சத்தம் பொம்பிளையளுக்கு ஆகாது எண்டு தலைபாடாய் அடிச்சனான். ஆர் கேட்டது?"
அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.
அவரும் அப்படித்தான் நினைக்கிறாரோ.

ஒக்டோபர் 15, புதன்
வெயில். பெட்ஷீற் தோய்த்தேன்.
சுடும்போது போடும் ஜக்கெற்றைப் போட்டுப் பார்த்தேன். பலகை மாதிரி விறைப்பு. போன மாதம் விளையாட்டுக்குப் போட்டபோது கீழ்ப் பொத்தான் எட்டவில்லை, ரமணன் விழுந்து விழுந்து சிரித்தார். இன்று எல்லாம் பூட்டுகிறது.
முழங்காலில் சுடும் நிலையில் இருந்து, கண்ணை மூடி மூச்சுப் பழகினேன். மாமி கதவைத் திறந்தா. கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மன்றாடுகிறேன் என்று நினைத்தாவோ, சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனா.

நவம்பர் 1, சனி
றேஞ்ச். புழுக்கம். தூரத்தில் இடி.
சுடப் பழக்கும் சேரிடம், இவ்வளவு மாதமும் வராததுக்குச் சுகமில்லை என்றுதான் சொல்லியிருந்தேன்.
படுத்துச் சுட்டது: ஐந்து வெடியும் தாளில் சின்னவிரல் நகமளவு இடத்துக்குள். கொஞ்சம் இடப்பக்கம். பரவாயில்லை, ஒரே இடத்தில் விழுந்தால் பிறகு திருத்தலாம்.
முழங்காலில்: ஒன்று விலகியது.
நின்று: அம்மைத் தழும்பு மாதிரித் தாள் முழுக்க.
சேர் பின்னால் நின்று பார்த்தார். சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, முந்தி நீ இப்படி நிற்கிறதில்லை. அளவுக்கு மிஞ்சிப் பின்னுக்குச் சாய்கிறாய். முன்னால் ஏதோ பாரம் இருக்கிறமாதிரி."
விளங்கியது. துவக்கைத் திறந்து கீழே வைத்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், பிள்ளை இல்லாமல் போய்விட்டது என்றேன்.
தொப்பியைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பப் போட்டார்.
"போதும், வீட்டுக்குப் போ."
"இல்லை சேர். இன்னும் அஞ்சு."
"அப்ப காலிலிருந்து தொடங்குவோம்."
பாதம். இடுப்பு. முழங்கை. பழகின உடம்புக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கிறமாதிரி. ஐந்தும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை வாய்க்குள் விழுந்தன. அழுதுகொண்டே சுட்டேன்.
வெளியே ரமணன் ஒரு த்ரீவீல் ஓட்டோவை மறித்து வைத்துக்கொண்டு நின்றார். ஒருநாளும் வராதவர். மழை பிடித்தது, இரண்டு பக்கமும் படங்கை இறக்கிவிட்டோம். பம்பலப்பிட்டி தாண்ட ஏதோ கேட்டார். காது இன்னும் அடைத்திருந்தது.
"என்ன?"
காதுக்குக் கிட்ட வந்து: "பொடியனோ, பெட்டையோ? என்னை வார்டுக்குள்ள விடேல்லை. உம்மட்டைக் கேக்கப் பயமாயிருந்தது."
இவ்வளவு நாளும் இதுதானா.
"பெட்டை. உங்கட மூக்கு."
கையைத் தூக்கித் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.