மணக்குது என்றொரு சொல்

அண்ணை,

இன்று காலை உங்கள் தோட்ட வேலியோரம் நிலத்தில் இறக்கியிருக்கும் சோதனைக் குழாயின் மூடியைத் திறந்தேன். மூக்கைக் கிட்டக் கொண்டுபோகாதே என்று வேலையில் சேர்ந்த நாளிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு அதைக் கேட்கவில்லை. குனிந்து மோந்து பார்த்தேன். ஈர மண் வாசம் மட்டும் வந்தது. கையில் மூடியோடு அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் போய் ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது.

ஈரோ நோட்டு புதிதாகக் கைக்கு வந்த வருடம்தான், ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் மூடிக்கிடந்த அந்தப் பெட்ரோல் பங்குக்கு எங்கள் நிறுவனம் என்னை அனுப்பியது. நிலத்துக்கடியில் இருந்த இரும்புத் தொட்டிகள் துருப்பிடித்து ஒழுகியிருந்தன. ஒழுகிய பெட்ரோல் மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரின் மேல் ஏடு படிந்தாற்போல் மிதந்தது. அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று ஆங்காங்கே குழாய் இறக்கிப் பார்ப்பது என் வேலை. பங்கின் பின்வேலியை ஒட்டி வாடகைத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் மிளகாயும் கத்தரியும் நட்டிருந்த ஒரே தோட்டம் உங்களுடையது.

வேலிக்கு அந்தப் பக்கம் தமிழ் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நாலு வார்த்தை பேசுவதற்குள், "தங்கச்சி, என்ர கிணத்துத் தண்ணி மணக்குது" என்றீர்கள். கையகலக் குழாய்தான், அதுவும் உங்களுக்குக் கிணறு. நான் மதுரைக்காரி. எங்கள் ஊரில் மல்லிகை மணக்கும், ரசம் மணக்கும். நாறுவதை யாரும் மணக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். "சூப்பர் அண்ணா! எங்க ஊர்ல இப்படித் தண்ணியே கிடைக்காது" என்று பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். படித்த பெண் சிரித்துக்கொண்டு போகிறாள், பெரிய விஷயமாக இருக்காது என்று நினைத்தீர்களாம். பிறகு சொன்னீர்கள்.

அங்கே நிலத்தடி நீர் ரோட்டுப் பக்கம்தான் ஓடியது. உங்கள் பக்கம் பெட்ரோல் லேசாகப் பரவியிருக்கலாம், அதற்கு மேல் வர வழியில்லை. ஆனால் அடுத்த மாதம் வேலியோரக் குழாயில் அளவு எகிறியிருந்தது. கருவியைச் சந்தேகப்பட்டேன், சோதனைக்கூடத்தோடு சண்டை போட்டேன். கடைசியில் உங்கள் தோட்டத்துக்கு வந்து கேட்டபோதுதான் வாய் திறந்தீர்கள்.

"நான்தான் இறைச்சனான். ஊரிலை கிணத்துக்குள்ளை காகம் கீகம் விழுந்தால் அடி தெரியிற மட்டும் இறைச்சு விடுவம். பிறகு நல்ல தண்ணி ஊறும்."

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் போட்டால் அயலவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று, நாலு சனிக்கிழமை முழுநாளும் இறைத்திருந்தீர்கள். மோட்டார் இழுக்க இழுக்க, ரோட்டுப் பக்கம் போக வேண்டிய பெட்ரோல் உங்கள் பக்கம் திரும்பியிருந்தது. இறைத்த தண்ணீரை உங்கள் பாத்திகளிலேயே விட்டிருந்தீர்கள்.

"முதல்லயே என்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

"சொன்னனான்தானே தங்கச்சி. மணக்குது எண்டு."

"மணக்குதுன்னா நல்ல வாசனைதானே?"

"நல்லது எண்டால் வாசம். மணக்குது எண்டால்..." என்று நிறுத்தி, தலையில் கை வைத்தீர்கள்.

நீர்வளத்துறை அலுவலகத்தில் விசாரணைக்கு டெர்மின் குறித்து அழைத்தார்கள். மொழிபெயர்க்க என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நாற்றம் தெரிந்தவுடன் யாரிடமாவது சொன்னீர்களா என்று அதிகாரி கேட்டார். நான் மொழிபெயர்க்கும் முன்பே, இல்லை என்று ஜெர்மனில் சொல்லிவிட்டீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை; வேலை போனால் விசாவும் போகும். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை, அண்ணை.

உங்கள் கிணற்றை அடைத்தார்கள். காய்த்து நின்ற மிளகாய்ச் செடிகளோடு மண்ணை வெட்டி லாரியில் ஏற்றினார்கள். வேலைக்குப் போகாமல் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்று மாலை அறிக்கையில் ஒரு பத்தி சேர்த்தேன்: இவர் முதல் நாளே என்னிடம் சொன்னார், எனக்குத்தான் புரியவில்லை. மேலாளர் கன்னாபின்னாவென்று திட்டினார், ஆனால் வேலை போகவில்லை. உங்கள் பெயருக்கு நேரே எழுதியிருந்த 'அலட்சியம்' என்ற சொல்லை அதிகாரி அடித்துவிட்டார்.

உங்களிடம் சொன்னபோது கோபப்பட்டீர்கள். "ஏன் சொன்னனீங்கள்? எனக்குப் போனது நாலு பாத்தி. உங்களுக்கு விசா எல்லோ போயிருக்கும்!"

பிறகு தொட்டிகளைத் தோண்டி எடுத்து, அந்த இடத்தில் பம்பு வைத்து, வருடக்கணக்காகத் தண்ணீரை இறைத்துக் கரித்தொட்டியில் வடிகட்டினோம். அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "கடைசியிலை நீங்களும் இறைக்கத்தானே செய்யிறியள்!" இறைக்கும் இடம்தான் வேறு என்றேன். புது மண்ணில் மறுபடியும் மிளகாய் நட்டீர்கள். நான் மாதிரி எடுக்க வரும்போதெல்லாம் வேலிக்கு வந்து, "மணக்குதோ?" என்பீர்கள். ஆஸ்பத்திரியில் கையில் ஊசியோடு கிடந்தபோதும் அதைத்தான் கேட்டீர்கள். கொஞ்சம் மணக்குது அண்ணை என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

இப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும், எந்த அர்த்தத்தில் என்று இரண்டாவது தரம் கேட்கிறேன். ஜெர்மன்காரர்கள் எரிச்சல்படுகிறார்கள். படட்டும்.

இன்று படிவத்தில் நாற்றம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். மூடியைத் திருகினேன். வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. ஆனாலும் உங்கள் சொல்லிலேயே, உரக்கச் சொன்னேன்.

"மணக்கேல்லை, அண்ணை."