மெதுவாக நடந்த விளக்குக்காரன்

பிப்ரவரி 3

அன்புள்ள மச்சான்,

நாங்கள் நலம். நீங்கள் பதில் போடமாட்டீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நாம் அந்தக் காலத்தில் செய்த 'விளக்குக்காரன்' கணினி விளையாட்டை ஒரு நிறுவனம் மறுபடி வெளியிடப் போகிறது. சின்னக் கணினிக்கு நான் எழுதியது, பெரிய கணினிக்கு நீங்கள் மாற்றியது, இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பார்களாம். பெரிய கணினியில் போய் அது ஏன் அவ்வளவு மெதுவாக ஓடியது என்று கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

"அண்ணன் நம்ம வீட்டுப் படி ஏறி எத்தனை வருஷமாச்சு? ஞாயித்துக்கிழமை வரச் சொல்லி எழுதுங்க" என்கிறாள் உங்கள் தங்கை.

உங்கள் மாப்பிள்ளை

பிப்ரவரி 9

மாப்பிள்ளைக்கு,

கேட்டதால் சொல்கிறேன். பெரிய கணினியில் திரைப் படத்தை நகர்த்தவே தனிச் சில்லு, அதாவது ஒரு சிப், உண்டு. உங்கள் சின்னக் கணினியில் அது கிடையாது. எல்லாவற்றையும் கணினியின் மூளையான செயலியே இழுக்க வேண்டும். நீங்கள் அதற்கேற்ப எழுதினீர்கள். அது என் கைக்கு வந்தபோது புதிதாக எழுத நேரமில்லை. "அப்படியே மாத்திக் குடுங்க சார், எதையும் நோண்டாதீங்க" என்றார் முதலாளி. சில்லு சும்மா கிடந்தது. செயலி இரண்டு மடங்கு வண்ணங்களைச் சுமந்து நொண்டியது. பத்திரிகையில் 'நத்தைக்காரன்' என்று எழுதினார்கள். அலுவலகத்தில் அதுவே என் பெயராயிற்று. உங்களுக்கோ பரிசு.

அதை என்னிடம் தர நீங்கள் மூன்று வாரம் வேண்டுமென்றே தாமதித்தீர்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள். தங்கையைக் கேட்டதாகச் சொல்லவும். வருவதற்கில்லை.

உங்கள் மனைவியின் அண்ணன்

பிப்ரவரி 20

அன்புள்ள மச்சான்,

நீங்கள் சொன்னபடியே எழுதினேன். அவர்கள் உங்களுடையதை எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் தலை சுற்றுகிறது. என்னுடையதன் வேகத்தில் கடைசிப் பாலத்தை யாராலும் தாண்ட முடியவில்லையாம். உங்களுடையதில் பாலம் மெதுவாக ஆடுவதால் சின்னப் பிள்ளைகள்கூடத் தாண்டிப் போய்க் கடைசி அறையைப் பார்த்திருக்கிறார்கள். வளர்ந்தபின் அவர்கள்தான் இப்போது கேட்கிறார்களாம்.

தாமதம் உண்மை. அந்த மூன்று வாரமும் அந்த அறையைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். விளக்குக்காரன் விளக்கைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பானே, அதை. உங்கள் தங்கைகூட உங்களுடையதில்தான் பார்த்தாள். "அண்ணன் பண்ணதுலதான் ஜன்னல் வருது" என்று என்னிடமே சொன்னாள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

மாப்பிள்ளை

மார்ச் 2

மாப்பிள்ளை,

உங்கள் கடிதத்தில் திட்டுவதற்கு ஒரு வரி தேடினேன். அகப்படவில்லை. நல்லபடியாகச் செய்யவிடவில்லை என்றுதான் இத்தனை காலம் கோபம். நொண்டியதால்தான் பிடித்தது என்றால் நான் இனி யாரைக் கோபிப்பது? சில்லை ஓடவிட்டிருந்தால் அந்த ஜன்னலை ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள். அப்படியென்றால் எனக்கு நடந்தது நல்லதா கெட்டதா? எப்படித் திருப்பிப் பார்த்தாலும் விளங்கவில்லை.

இன்னொன்று. நானும் அந்த அறையைப் பார்த்ததில்லை. மாற்றிக் கொடுத்தேனே தவிர, வெறுப்பில் ஒருநாளும் விளையாடி முடிக்கவில்லை.

ஞாயிறு வருகிறேன். பழைய கணினியைத் துடைத்து வையுங்கள். பாலம் வரைக்கும் தங்கை ஆடட்டும், அப்புறம் நான். பக்கத்தில் நின்று யாரும் பாராட்டக் கூடாது.

நத்தைக்காரன்