பந்தல் கம்பி அறுந்த காரணம்

அண்ணே,

காலையில் உன் தோட்டத்துப் பக்கமிருந்து மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த வாடை வந்தது. உன் மகள் திராட்சைக்கு மருந்தடிக்கிறாள். ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் என் நினைப்பிலிருந்து நீ போகவில்லை.

அந்தத் தோட்டம் நம் இருவருக்கும் பொதுவாக இருந்த காலத்தில், மருந்துத் தொட்டியருகே ஒரு மயில்துத்தக் கட்டியைக் காட்டி உன்னிடம் சொன்னேன். "இது மட்டுமில்லண்ணே படிகம். நம்ம பந்தல் கம்பியும் படிகந்தான்."

வேலைக்கு வந்த பெண்களின் காதில் விழும்படி நீ கேட்டாய். "அப்பக் கம்பியவும் கரைச்சுத் தெளிச்சிருவமா?" எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. உத்தமபாளையம் நூலகத்தில் ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துவந்து, புரியாத பக்கத்தைப் புரியும்வரை விடாமல் படித்தவன் நான். இரும்புக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள். கம்பியை இழுத்தால் அவை சரிவில் கொஞ்சம் ஏறும். விட்டால் இறங்கிப் பழைய இடத்துக்கே வரும். அளவு மீறி இழுத்தாலோ மேட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தில் விழும். அதுவும் அதே ஆழமுள்ள பள்ளம்தான். திரும்பி வர அவற்றுக்கு ஒரு காரணமும் இல்லை. நம் பந்தல் தொய்ந்தது அப்படித்தான்.

தொய்ந்த கம்பியை நீ வருஷா வருஷம் பந்தலின் மூலைக் கல்தூணில் வைத்துத் திருகி இறுக்கினாய். ஒவ்வொரு இறுக்கலிலும் அதன் உள்ளே ஒழுங்கு குலைந்த இடங்கள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. அதனால் கம்பி விறைத்தது. விறைத்த கம்பி நீளாது. அடுத்து அறுந்துதான் போகும். நீயோ அதைச் சுண்டிப் பார்த்துக் காது கொடுத்துக் கேட்டாய். "டிங்குனு கேக்குது பாரு. வயசாக வயசாக வைரம் பாயுதுலே." இரும்பைத் தேக்கு மரம் என்று நினைத்துவிட்டாய்.

அந்த வருஷம் பழம் கனிந்திருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பாரம் தாங்காமல் பந்தல் இறங்கியது. பெண்கள் அடியில் நின்று குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நீ கம்பியை இறுக்கும் திருகியை எடுத்தாய்.

"பழத்த இறக்கிட்டு இறுக்குண்ணே. பாரத்தோட இறுக்குனா அறுந்துரும். பொம்பளையாளுக நிக்கிறாக."

"நல்ல வார்த்தையே வராதா உன் வாயில?" என்று கேட்டுக்கொண்டே திருகினாய்.

அறுந்த முனை சாட்டை போல் சுழன்று வந்து என் மனைவியின் இடது கண்ணில் விழுந்தது. நான் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ மூலைக் கல்லை விட்டு நகரவில்லை. திருகியைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி கத்தினாய்.

"சொல்லிச் சொல்லியே அறுத்துட்டான்யா, கரிநாக்குப் பய!"

மதுரைக்குக் கொண்டுபோயும் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. திரும்பி வருவதற்குள் ஊர் உன் பேச்சை நம்பிவிட்டது. பெண் பார்க்கக் கிளம்புகிறவர்கள் நான் தெருவைக் கடக்கும்வரை வாசலுக்குள்ளேயே நிற்கிறார்கள். கூடலூரில் குமுளி ஜீப்புக்காரன் என்னைக் கண்டதும் கும்பிடுகிறான். "பெருசு, டயரப் பாத்து ஒண்ணும் சொல்லிராதீக. ஏத்தம் ஏறணும்." அத்தனை பேர் சிரிப்பிலும் உன் சிரிப்பு இருக்கிறது.

போன மாசம் உனக்கு உயிர் இழுத்துக்கொண்டிருந்தது. சொந்தங்கள் ஒவ்வொருவராக உன் வாயில் பால் ஊற்றினார்கள். உன் மகள் என்னைக் கூட்டிப்போய்க் கரண்டியைக் கையில் கொடுத்தாள். "நீங்க ஊத்தாமத்தான் சித்தப்பா உசுரு அடங்காமக் கெடக்கு."

உன் காதருகே குனிந்தேன். "கம்பி இழுவை தாங்காம அறுந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுண்ணே. ஊத்துறேன்."

நீ கண்ணைத் திறந்தாய். குரல் அடைத்திருந்தாலும் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. "நீ சொல்லாம இருந்திருந்தா... அறுந்திருக்காது."

கரண்டியைக் கிண்ணத்தில் போட்டேன். மதினி மண்ணை வாரித் தூற்றாத குறைதான். வாசல்வரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி கரண்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. முதல் கரண்டி உன் தாடையில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். அதை விழுங்கிவிட்டு நீ போய்ச் சேர்ந்தாய்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "கண்ணு போனது எனக்கு. நீங்க எதுக்கு இதத் தூக்கிச் சுமக்குறீக?"

"உன் கண்ண மட்டுமா எடுத்தான்?" என்றேன்.

உனக்கு ஊற்றிய அவள் கையால் பால் வாங்கிக் குடிப்பதை அன்றோடு விட்டேன். அவளும் வற்புறுத்துவதில்லை. தினமும் விடிந்ததும் பால் சேர்க்காத வரக்காப்பி போட்டு என் முன்னால் வைத்துவிட்டுப் போகிறாள். கசக்கிறது. குடிக்கிறேன்.