கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

நவ. 11, செவ்வாய்

காலையிலேயே இருட்டு. தூறல். ஹீட்டிங் போட்டும் கால் விறைப்பு. இவர் போன பிறகு இரண்டாவது குளிர்.

செய்ய: கெமர் மொழித் தேடல் பிழை. பால். குப்பை வாளி வெளியே.

நாங்கள் செய்கிற தேடல் மென்பொருளைப் பற்றிக் கம்போடியாவிலிருந்து முறைப்பாடு. கெமர்ச் சொல் திரையில், கண் முன்னாலேயே இருக்கிறதாம். தேடினால் இல்லை என்கிறதாம். அங்கிருந்து எங்களோடு வேலை செய்கிறவர் பெயர் தாரா. ஆம்பிளை. எங்கள் ஊரில் தாரா என்றால் வாத்து. இவர் இருந்தால் சொல்லிச் சிரித்திருப்பேன்.

இன்று முழுக்கப் பேசியது தாராவோடு மட்டும். அதுவும் ஆங்கிலத்தில்.

நவ. 13, வியாழன்

மழை. பாலுக்கு ரெய்னர்ஸ் லேன் கடை. கடைக்கார அக்கா: "கத்தரிக்காய் நல்லது வந்திருக்கு. ஒரு கிலோ போடவோ?" ஒரு ஆளுக்கு இரண்டு காய் காணும் என்றேன். பையை அவிழ்த்துத் திரும்பக் கொட்டினா.

லண்டனின் மறு மூலை, குட்மேய்ஸிலிருந்து ரவியண்ணையின் போன். எடுக்கவில்லை. இவருடைய சிநேகிதர். செத்தவீட்டில் அழுதுகொண்டு சொன்னார்: "அவன் உம்மைப் பற்றி எனக்கு எழுதாத நாளில்லை, பிள்ளை." அதை நம்பி, இவருடைய போனில், ரவியண்ணைக்கு எழுதினதில் 'கௌரி' என்று என் பெயரைத் தேடினேன். ஒன்றுமில்லை. திரும்பவும். ஒன்றுமில்லை. முழுக்க வாசிக்கத் தெம்பில்லை, இவர் பேசுவது போலவே எழுதுவார்.

ஆறுதலுக்குச் சொன்ன பொய். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

கல்யாணம் கட்டி இவ்வளவு காலத்தில் இவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. "இஞ்சரப்பா"தான். நானும் அப்படியே. கோபம் வருகிறது, யாரில் என்று தெரியவில்லை.

நவ. 14, வெள்ளி

பிழை பிடிபட்டது. கெமரில் த, ட மாதிரி இரண்டு எழுத்து. தனியே நின்றால் வேறு வேறு. இன்னோர் எழுத்தின் கீழே காலாக ஒட்டினால் இரண்டுக்கும் ஒரே வடிவம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. சிலர் இதை அடிக்கிறார்கள், சிலர் அதை.

நான்: பிழையாக அடித்ததை எல்லாம் திருத்திவிட்டால் அலுவல் முடிந்தது.

தாரா சிரித்தார். "பார்த்தால் சரியாகத்தானே இருக்கிறது? எழுதினவருக்குப் பிழை விட்டதே தெரியாது. உங்கள் தமிழில் இப்படி இல்லையா?"

இல்லை என்றேன். பெரிய கெட்டிக்காரி.

நவ. 16, ஞாயிறு

வெயில், பெயருக்கு. கத்தரிக்காய் கழுவும்போது மண்டையில் தட்டியது. கௌ. அதன் வால் பார்வைக்கு 'ள'தான். ககரம், கொம்பு, ள என்று தனித்தனியாக அடித்தாலும் அதே முகம். இத்தனை வருஷம் எழுத்துகளோடு மாரடிக்கிறேன், என் பெயருக்குள்ளேயே கிடந்திருக்கிறது. மடைச்சி!

ஈரக் கை. இவர் போன். 'ள' போட்டுத் தேடினேன்.

வந்தது. வந்துகொண்டேயிருந்தது.

"கெளரிக்குத் தடிமன், ஒரே தும்மல். இண்டைக்கு வரேலாது அண்ணை."

"கெளரியின்ரை புட்டு கல்லு மாதிரி. சொல்லிப்போடாதேங்கோ."

"கெளரி உள்ளுக்கை கம்போடியா எழுத்தைப் பற்றிக் கதைக்கிறா. ஒரு கோதாரியும் விளங்கேல்லை. கதவடியிலை நிண்டு கேட்டுக்கொண்டிருக்கிறன்."

கதவடியில் நின்றிருக்கிறார். எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்திருக்கலாம். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், கேட்க ஆளில்லாத வீட்டில்.

தாராவுக்கு எழுதினேன்: ஒன்றையும் திருத்த வேண்டாம். எழுதினபடியே இருக்கட்டும். தேடினால் மட்டும் இரண்டும் வரட்டும். தமிழிலும் உண்டு, நான் சொன்னது பிழை.

பிறகு ரவியண்ணைக்குப் போன் அடித்தேன்.

"என்ன பிள்ளை, ஏதும் பிரச்சினையோ?"

"இல்லையண்ணை. புட்டு அவிக்கப் போறன். சாப்பிட வாறியளோ?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஏதோ.

"கல்லுப் புட்டோ?" என்றார்.